உப்புக் காற்றில் ஒரு கூடம்

வாசகர் கேள்வி – பதில்

மாசி பிறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கூடத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுச்சென்ற ஈரம் காய்ந்து, சுவரின் கறைகள் எல்லாம் வெளியே தெரியும் மாதம் இது. இம்முறை இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த எட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டேன். எல்லாமே கையில் அதிகப் பணமில்லாதவர்கள் எழுதியவை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் வேதாளைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருந்தவரின் மகள், மணமான பின் கணவருடன் இராமநாதபுரத்தில் 27 வருடம் பெயின்ட் கடை நடத்தினேன். என் பதில்களில் சுண்ணாம்பு அடிக்கடி வரும் என்றால் காரணம் அதுதான்.

கேள்வி: அக்கா, எங்கள் வீடு கட்டிப் 14 வருடம் ஆகிறது. கூடத்துச் சுவர் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பொரிந்து உதிர்கிறது. காலையில் கூட்டினால் மாவு போல வெள்ளையாக அள்ளலாம். மூன்று முறை பெயின்ட் அடித்தும் ஒரு வருடம் தாங்கவில்லை. டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருப்பார், ஆனால் வருமானம் இருக்காது. 5,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம், தங்கச்சி. அந்தப் பணத்தை டைல்ஸில் போட்டால் அடுத்த தடைக்காலத்துக்குள் அதே பொரிவு டைல்ஸுக்கு மேலே, இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும்.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் மண்ணின் ஈரத்தை இழுக்கிறது. நம் மண்ணில் ஈரம் தனியாக வராது, உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் காற்றோடு போய்விடும். உப்பு மட்டும் அங்கேயே தங்கிப் படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டுமே! பூச்சை உடைத்து, பெயின்டைத் தள்ளி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் காலையில் அள்ளும் மாவில் பாதி அந்த உப்புதான். மேலே ஒட்டும் டைல்ஸ் தண்ணீர் வெளியேறும் வழியை அடைக்கும். தண்ணீர் நின்றுவிடாது, வழி தேடி மேலே ஏறும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கே பல வருடம் ஆனது. கடை வைத்த புதிதில், சுவர் பொரிகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் புகாத, விலை கூடிய பெயின்டைத்தான் எடுத்துக் கொடுத்தேன். நல்லது செய்வதாகவே நம்பினேன். ஒரு நாள் பாம்பனிலிருந்து வந்த அம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்காகக் கடன் வாங்கி அடித்த சுவர் மூன்றாம் மாதமே தோல் உரிந்ததைச் சொல்லிக் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன். "மூக்கைப் பொத்தினால் மனிதன் வாயைத் திறப்பான். சுவரும் அப்படித்தான். நீ வாயையும் சேர்த்துப் பொத்தி அனுப்பியிருக்கிறாய்" என்றார். அந்த அம்மாவின் பணத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அந்தக் கடன் மனதில் இருப்பதால்தான் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எப்போதும் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சாண் அகலப் பாலிதீன் தாளை, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து வெளியே போய் அந்தச் சுவரின் அடியைப் பாருங்கள். வருடம் போகப் போக மண் குவிந்து அடித்தளத்தை மூடியிருக்கலாம். முற்றத்தில் போட்ட சிமென்ட் தரை சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கலாம். பாத்திரம் கழுவும் தண்ணீர் அங்கேயே தேங்கலாம். மண்ணை அள்ளி அடித்தளம் தெரியும்படி விடுவதற்கும், தண்ணீர் விலகி ஓட ஒரு வாய்க்கால் வெட்டுவதற்கும் மண்வெட்டி போதும். கைக்காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் உள்ளே என்ன பூசினாலும் வீண்.

பிறகு உள்ளே வாருங்கள். பொரிந்த பெயின்டைச் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டி, கீழே செய்தித்தாள் விரித்துச் சேர்த்து, வீட்டை விட்டுத் தள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போய் உட்காரும். ஒரு வாரத்தில் திரும்பப் பூக்கும், திரும்பத் தட்டுங்கள். மாசியில் தொடங்கினால் சித்திரைக்குள் ஏழெட்டு முறை தட்டிவிடலாம். ஒவ்வொரு முறையும் அளவு குறையும். விரல் மடக்கித் தட்டும்போது பொள்ளலாக ஓசை வரும் பூச்சை மட்டும் பெயர்த்து எடுங்கள். ஈரக்கோட்டுக்கு மேலே ஒரு அடி வரை பெயர்ப்பது நல்லது. அந்த இடத்துக்குச் சிமென்ட் வேண்டாம். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். கடற்கரை மணலைத் தொடாதீர்கள். போர்வெல் தண்ணீர் கரித்தால் அதையும் கலக்காதீர்கள். நீங்கள் குடிக்க முடியாத தண்ணீரைச் சுவருக்கும் கொடுக்காதீர்கள்.

பூச்சு நன்றாக இறுகிய பின் கூடம் முழுக்க வெள்ளையடியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மறுபடி கல்லாகிறது. நுண்துளை உள்ள கல் அது. ஈரம் அதன் வழியாக வெளியேறும், கொப்புளம் வராது. பூஞ்சணமும் அதன் காரத்தில் எளிதில் பிடிக்காது.

ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். வாங்கும்போது ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சீறிக் கொதிக்க வேண்டும். சும்மா கிடந்தால் அது காற்றுப்பட்டு வலுவிழந்தது, வேண்டாம். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். இரும்பு டிரம்மிலோ மண் தொட்டியிலோ முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 24 மணி நேரம் ஊறியபின் கெட்டித் துணியில் வடிகட்டுங்கள். பத்து லிட்டருக்கு 40 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் கையில் ஒட்டாது. நீலம் ஒரு கிலோ சுண்ணாம்புக்கு மூன்று கிராமுக்கு மேல் வேண்டாம். சிலர் உப்புப் போடச் சொல்வார்கள். நம் கரையில் அது கூடாது, உப்பு ஈரத்தை இழுக்கும்.

பழைய பெயின்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, முழுதும் சுரண்டியாக வேண்டும். இந்தச் செலவில் பெரிய பங்கு கூலிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார். வலை பின்னும் கைக்குச் சுண்ணாம்பு மட்டை பழக ஒரு மணி நேரம் போதும். அக்னி வெயிலில் சுவர் சட்டென்று காய்ந்தால் சுண்ணாம்பு பொடியாக உதிரும். அதனால் விடியற்காலையிலோ மாலையிலோ, சுவரை நனைத்துவிட்டு அடிக்கட்டும். முதல் பூச்சு அடித்ததும் தண்ணீர் போலத் தெரியும். பயப்படாதீர்கள், காயக் காய வெளுக்கும். மூன்று பூச்சு வேண்டும்.

வெள்ளை சலித்தால் மஞ்சள் காவியோ செங்காவியோ கலக்கலாம். சமையல் மஞ்சளைக் கலக்காதீர்கள். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்று யோசித்தால் காரணம் புரியும்.

கேள்வி: ஜன்னல் கம்பிகளுக்கு ஒவ்வொரு வருடமும் பெயின்ட் அடிக்கிறோம். துரு மட்டும் போகவில்லை. கூடமே அழுக்காகத் தெரிகிறது.
– ஒரு வாசகர், மண்டபம்

பதில்: துருவுக்கு மேலேயே அடித்திருப்பீர்கள். உப்பு உள்ளே இருந்தால் பெயின்டுக்கு அடியில் துரு தொடர்ந்து நடக்கும். கம்பி பிரஷ் கொண்டு இரும்பின் நிறம் தெரியும்வரை தேயுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் விடிவதற்குள் மெல்லிய துரு படர்ந்திருக்கும். இரண்டு பூச்சு பிரைமர், அதன்மேல் எனாமல். கம்பி சட்டத்தில் நுழையும் அடிமுனையில் தண்ணீர் நிற்கும், அங்கே கூடுதலாக ஒரு பூச்சு. திருகாணி மாற்றுவதாக இருந்தால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 கடற்கரையில் பழுப்புக் கறை போடும். பித்தளையும் நல்லதுதான்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடம், ஒரு டியூப்லைட், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஜோடி, ஒரு டி.வி. பள்ளியில் வேலை. மாலையில் திரும்பி வந்தால் வீட்டுக்குள் உட்காரவே பிடிக்கவில்லை. 2,000 ரூபாய்க்குள் ஏதாவது செய்ய முடியுமா, அம்மா?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: முடியும், தம்பி. ஆனால் முதல் வாரம் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். கூடத்திலுள்ள எல்லாவற்றையும் ஒரு நாள் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெறும் கூடத்தில் மாலை ஐந்து மணிக்குப் பாய் போட்டு உட்காருங்கள். காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எந்தக் கதவில் போகிறது என்பது உடம்புக்குத் தெரியும். உங்கள் ஊரில் கடல் கிழக்கே. வாடைக் காலத்தில் காற்று கடல் பக்கத்திலிருந்து உப்போடு வரும். கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், நிலத்துப் பக்கமிருந்து வரும். கச்சான் நுழையும் ஜன்னலை டி.வி. மேசையோ பீரோவோ மறித்திருந்தால் அதை நகர்த்துவதுதான் நீங்கள் செய்யப்போகும் மிகப் பெரிய மாற்றம். எந்தச் சாமானும் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டாம், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். இரும்பு பீரோ இருந்தால் மரக்கட்டைமேல் ஏற்றுங்கள்.

வீட்டுக்குள் உட்காரப் பிடிக்காததற்குப் பாதிக் காரணம் அந்த டியூப்லைட் என்பது என் கணிப்பு. உச்சியிலிருந்து கொட்டும் வெள்ளை வெளிச்சத்தில் எந்த அறையும் ஆஸ்பத்திரி வராந்தா போல இருக்கும். படிக்க அது இருக்கட்டும். அதோடு, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும் உயரத்தில் ஒரு மேசை விளக்கு வையுங்கள். எல்.இ.டி. பல்பு வாங்கும்போது பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் விளக்கேற்றியது போன்ற மஞ்சள். அந்த மஞ்சளை வாங்குங்கள். 9 வாட் போதும், பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் தரும். பனையோலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மறைப்பாக வைத்தால் பின்னலின் நிழல் சுவரில் விழும். எல்.இ.டி. அதிகம் சுடாது என்றாலும் ஓலை பல்பைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். பழைய குண்டு பல்போடு இதைச் செய்யவே கூடாது.

திரைக்கு, அம்மாவிடம் ஒரு பழைய பருத்திச் சேலை கேளுங்கள். பரமக்குடி நெசவு கிடைத்தால் பாக்கியம். மெல்லிசாக இருக்கும், காற்றை விடும். ஐந்தரை மீட்டர் சேலையை நான்காக மடித்து வெட்டினால் நான்கடி உயர ஜன்னல்கள் இரண்டுக்குச் சரியாக இருக்கும். ஆணி தேவையில்லை. ஜன்னல் கம்பியிலேயே இரு முனையும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி மாட்டுங்கள், துருப்பிடிக்காது. மிச்சப் பணத்துக்கு ஒரு கோரைப்பாயும் சாய்ந்துகொள்ள இரண்டு திண்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலுக்குப் போகட்டும்.

கேள்வி: தங்கச்சிக்கு, எனக்கு வயது 68. என் உம்மா காலத்து வீடு. கூடத்தில் சிவப்புத் தரை. நிறம் மங்கி, இரண்டு மூன்று இடத்தில் வெடிப்பு. நோன்புப் பெருநாளுக்கு மகன் துபாயிலிருந்து வருகிறார். தரையை உடைத்துவிட்டுப் பளபளப்பான டைல்ஸ் போடுகிறேன் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்லவும் தெரியவில்லை.
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: லாத்தா, மகனிடம் இதைக் காட்டுங்கள். தம்பி, உங்கள் நன்னி, உம்மாவின் உம்மா, இருந்த வீட்டின் தரை அது. ரெட் ஆக்சைடு பொடியையும் சிமென்டையும் கலந்து பரப்பி, கொத்தனார்கள் மண்டியிட்டு மணிக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. இன்று அப்படித் தேய்க்கத் தெரிந்த கை குறைந்துவிட்டது. உடைத்தால் அதே தரையைப் பணம் கொடுத்தும் திரும்பப் பெறுவது கடினம். சித்திரை வெயிலில் வெறும் காலோடு அதில் நடந்து பாருங்கள்.

லாத்தா, தரை மங்கியது வயதால் அல்ல. ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றிக் கழுவியதால் இருக்கும். இரண்டையும் இனி வீட்டுக்குள் விடாதீர்கள். மென்மையான சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசித் துடைத்து, ஒரு நாள் முழுதும் காய விடுங்கள். பிறகு சுத்தமான துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் தெரியவே கூடாது, நிறம் மட்டும் தெரிய வேண்டும். மறுநாள் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்த பிறகுதான் நீங்கள் அதில் நடக்க வேண்டும். இந்த வயதில் ஒரு வழுக்கல் போதும், அதனால் தயவுசெய்து இதில் அவசரம் வேண்டாம். மாதம் ஒரு முறை செய்தால் நான்கைந்து மாதத்தில் பழைய சிவப்பு எழுந்து வரும். பெருநாளுக்குள் முழுதாக வராது. மகன் பார்த்து நம்பும் அளவுக்கு வந்துவிடும்.

வெடிப்புக்கு, சிமென்டில் ரெட் ஆக்சைடு பொடி கலந்து அடைக்கலாம். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகக் காட்டும். அதனால் நான்கைந்து விதமாகக் கலந்து ஓட்டுத் துண்டில் தடவி, காய்ந்தபின் தரையோடு ஒட்டிப் பார்த்து எது சேர்கிறதோ அதைப் பூசச் சொல்லுங்கள்.

டைல்ஸுக்கு வைத்த பணத்தில் முற்றத்து மரக்கதவுகளுக்கு எண்ணெய் கொடுக்கலாம். கீல்களைப் பித்தளைக்கு மாற்றலாம். அப்போதும் பெரும்பகுதி மிஞ்சும்.

கேள்வி: எங்கள் மாமியார் பனையோலையில் பாய், கொட்டான், சுளகு எல்லாம் முடைவார். புது வீட்டுக் கூடத்தில் அவற்றை வைக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் என் நாத்தனார், "ஓலையை வைத்தால் குடிசை மாதிரி இருக்கும், சோபா வாங்கு" என்கிறார். கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகி, சாயல்குடி அருகே

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. சாயல்குடி, கடலாடிப் பக்கம் பனை கொடுத்த சோற்றில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! தமிழ்நாட்டின் மாநில மரம் அது. அதன் ஓலையைக் கூடத்தில் வைக்க யாரும் கூச வேண்டியதில்லை.

மனதை விடுங்கள், வேலையைப் பார்த்தாலும் ஓலைதான் நம் கரைக்குச் சரி. பஞ்சு வைத்த சோபா மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்; அதை எடுத்துக் காயப்போடவும் முடியாது. பனைநார்க் கட்டில் ஒன்றைத் திண்ணையிலிருந்து கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். கீழிருந்தும் காற்று வரும், மூன்று பேர் உட்காரலாம், விருந்தாளி வந்தால் படுக்கலாம். அதன்மேல் ஒரே நிறத்தில் ஒரு பருத்தி விரிப்பு.

எதை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கொட்டான், விசிறி, சுளகு எல்லாவற்றையும் ஒரே சுவரில் தொங்கவிட்டால் கண்காட்சிக் கடை போலாகிவிடும். மாமியார் முடைந்ததில் மிக நுணுக்கமான ஒரு பாயை மட்டும் தேர்ந்தெடுங்கள். கட்டிலுக்குப் பின்னால், சுவரைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளி, மேலும் கீழும் மூங்கில் குச்சி கொடுத்துத் தொங்கவிடுங்கள். மற்றவை வேலை செய்யட்டும்: ஒரு கொட்டானில் சாவி, ஒன்றில் பிள்ளைகளின் பென்சில், மூடிபோட்ட பெரிய பெட்டியில் செய்தித்தாள். குருத்தோலையில் முடைந்தது என்றால் நிறம் வெளிறி அழகாக இருக்கும், சாயம் கூட வேண்டாம். வருடம் இரண்டு முறை வெயிலில் காயவையுங்கள், பூச்சி வராது. அடுப்பங்கரைச் சுவருக்கும் சாமி விளக்குக்கும் பக்கத்தில் ஓலை வேண்டாம்.

அப்புறம், அந்தப் பாயை மாட்டும் நாளில் மாமியாரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே மாட்டச் சொல்லுங்கள். நாத்தனாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: மாமனார் காலத்துக் கண்ணாடி அலமாரி கூடத்தில் இருக்கிறது. உள்ளே பவளக்கல், கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை எல்லாம் உண்டு. அதற்கு உள்ளே விளக்குப் போட்டு அழகாக்க யோசனை சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: அதை அழகாக்க யோசனை சொல்ல என்னால் முடியாது. கடுமையாகப் பேசுவதாக நினைக்காதீர்கள், தம்பி. என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் காளவாசலில் எரித்தது கரையில் ஒதுங்கிய சிப்பி மட்டும் அல்ல. கடலிலிருந்து பவளக்கல்லை வெட்டி வள்ளத்தில் ஏற்றி வந்து எரித்தார்கள். தவறு என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் பின்னாளில் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் கடலாய்வாளர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பா சாப்பிடவில்லை. அதன் பிறகு அவர் சிப்பியைத் தவிர வேறெதையும் காளவாசலில் ஏற்றவில்லை.

1986இல் அந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்று புலிக்கு இருந்த அதே பாதுகாப்பு. பிடிப்பது, விற்பது, வாங்குவது குற்றம். உங்கள் மாமனார் சேர்த்தது பழையதாக இருக்கலாம். இருந்தாலும் யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ செய்யாமல் வனத்துறை அலுவலகத்தில் போய் நேராகச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

அலமாரி நல்ல மரமாக இருக்கும். கண்ணாடியைத் துடைத்து, மாமனாரின் புகைப்படம், அவர் கடலுக்குக் கொண்டுபோன திசைகாட்டி, வலை பின்னும் ஊசி, தூக்குச்சட்டி என்று அவர் கை பட்ட பொருள்களை வைத்து, நீங்கள் நினைத்த விளக்கை அதற்குப் போடுங்கள்.

கேள்வி: கூடத்துக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனி வந்தால் மதியம் உள்ளே இருக்க முடியாது. ஃபால்ஸ் சீலிங் போட வசதியில்லை.
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: கூரைக்கு மேலே வெள்ளையடியுங்கள். முதல் பதிலில் சொன்ன அதே சுண்ணாம்புக் கரைசல்தான், பிசின் மட்டும் சற்றுக் கூடுதல். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். மதிய வெக்கை குறைவது முதல் நாளே தெரியும். மழையில் கரைந்து போகும், அதனால் வருடா வருடம் மாசியில் ஒரு முறை அடிக்க வேண்டும். ஓட்டின்மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடையும். குறுக்கே பலகை போட்டு, பழகிய ஆள் ஏறட்டும். அடிக்கும் முன் காய்ந்த பிரஷால் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதே காரணத்துக்காக அதில் துளை போடுவதும், உடைந்த துண்டுகளை வீட்டைச் சுற்றிப் போட்டு வைப்பதும் வேண்டாம்.

உள்ளே ஓலைத் தட்டி கட்டலாமா என்று பலர் கேட்பார்கள். சமையல் தனிக் கட்டிடத்தில் என்றால் கட்டலாம். ஒரே கூரைக்குக் கீழ் அடுப்பு இருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். வெளியே தெற்கிலும் மேற்கிலும் பழைய நைலான் வலையை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டுக் காயவைத்து, கூரை விளிம்பிலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டுங்கள். அதில் அவரையும் சங்குப்பூவும் ஏறினால் சுவர் சுடாது.

கேள்வி: கூடத்தில் வைக்கும் செடி எல்லாம் இலை நுனி கருகிச் சாகிறது. என்ன உரம் போடலாம்?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: உரம் வேண்டாம். தண்ணீரை மாற்றுங்கள். நுனி கருகுவது பெரும்பாலும் உப்பால்தான். ஆர்.ஓ. கருவி கழிக்கும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மழைநீர் நல்லது. நல்ல தண்ணீரில் அரிசி கழுவியதும் நல்லது. பக்கத்து வீட்டில் ஏ.சி. இருந்தால் அதிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணி பிளான்ட், பாம்புக் கற்றாழை இரண்டும் கூடத்துக்குள் தாக்குப்பிடிக்கும். வாசலில் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் வையுங்கள். பக்கத்தில் ஒரு நொச்சியும் நடலாம். தண்ணீர் சேர்க்கும் வாளியை மட்டும் மூடியே வையுங்கள், இல்லையென்றால் அதிலேயே கொசு முட்டையிடும்.